இடது சக்கரத்தில் ஈரம்

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் கார்ப்பரல் தணிகாசலம் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தான். பட்டியலில் அவன் மூன்றாவது ஆள். முதல் ஆள் உள்ளே போய் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து டைப்ரைட்டர் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் சடசடவென்று அடிக்கும், நிற்கும், யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பார்கள், மறுபடி அடிக்கும். பதில் நீளமா குட்டையா என்று அந்தச் சத்தத்தை வைத்தே அவன் அளந்துகொண்டிருந்தான். இரண்டு தட்டு தட்டி நின்றால் ‘நோ’, மூன்று தட்டினால் ‘யெஸ்’. புள்ளி ஒன்று வைப்பார்களே என்று தோன்றியது. அப்படியானால் மூன்று, நாலு. விசாரணை திங்கட்கிழமை காலை நடந்த விபத்தைப் பற்றியது, இன்று வியாழன். அந்த வடக்கத்தி விமானதளத்துக்கு ஜெட் சண்டை விமானங்கள் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. முன்னால் விசிறி சுற்றாமல் ஒரு சாமான் எப்படி மேலே போகிறது என்று சமையல்கூடத்து ஆட்கள் இன்னமும் வேலியோரம் வந்து நின்று பார்ப்பார்கள். திங்கட்கிழமை மூன்று ஜெட் பயிற்சிக்குப் போயின. இரண்டு ஒழுங்காக இறங்கின. மூன்றாவது தரையைத் தொட்டுக் கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் அதன் இடது சக்கரக் கால் மடங்கியது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகி வடிகால் பள்ளத்தில் மோதி நின்றது. ஓட்டியவர் பிளையிங் ஆபீஸர் பரூவா, அஸ்ஸாம்காரர், இருபத்துமூன்று வயசு. உயிர் இருக்கிறது. முதுகெலும்பில் இரண்டு கணு நொறுங்கியிருக்கிறது. அன்று விடியற்காலை அந்த விமானத்தின் சக்கரக் கால்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவன் தணிகாசலம்.

கையெழுத்து சரியாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தப் புத்தகத்தை எடுத்துப் பூட்டி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை அவனிடம் காட்டி, இது உன்னுடையதுதானே என்று கேட்டார்கள். தன்னுடையதுதான். நிதானமாக, கோட்டுக்குமேல் நிற்கிற கையெழுத்து. அவசரத்தில் போட்டது மாதிரி இல்லை என்று அப்போது ஒரு நிம்மதி வந்தது, பிறகு அந்த நிம்மதியே அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு, ஜனவரிப் பனியில், எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியவில்லை. விமானங்கள் வரிசையாக வெறும் வெளியில் நின்றன, மூடுவதற்குப் போட்டிருந்த கித்தான் நனைந்து கனத்தது. டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு மல்லாந்து அடியில் நுழைந்தான். சக்கரக் காலை நீட்டவும் மடக்கவும் எண்ணெய் கொண்டுபோகிற ஒரு மெல்லிய குழாய் உண்டு. அது காலோடு வந்து சேருகிற இடத்தில் ஒரு பித்தளை நட்டு. எண்ணெய் கசிந்தால் அங்கேதான் கசியும், கசிந்தால் கால் முழுசாக நீண்டு பூட்டிக்கொள்ளாமல் போகலாம். அதனால் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலை நட்டின் அடியில் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும். வலது கை ஆள்காட்டி விரல். பதினோரு வருஷமாக அந்த விரல்தான். சுற்றினான். விரல் ஈரமாக இருந்தது. இதுவரைக்கும் சந்தேகமில்லை. இதற்கு அடுத்த கணத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மனசு தடுக்கி நிற்கிறது. வழக்கமாக விரலை மூக்கருகே கொண்டுபோவான். எண்ணெய்க்கு ஒரு தித்திப்பான நெடி உண்டு. அன்றைக்கு மூக்கு அடைத்திருந்தது, சனிக்கிழமையிலிருந்து ஜலதோஷம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கலாம், எண்ணெய் சிவப்பாக இருக்கும். ஆனால் விரலில் மெல்லிசாகப் பூசியிருந்தால் சிவப்புத் தெரியாது, பேட்டரியும் மங்கல். கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்திருந்தால் வழுக்குகிறதா என்று தெரிந்திருக்கும். தேய்த்தானா? தேய்த்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அது பக்கத்து விமானத்தின் காலாக இருக்கலாம், போன வாரமாக இருக்கலாம். அந்த மாசத்தில் எந்தப் பகுதியைத் தொட்டாலும் ஈரம். இறக்கையில் ஈரம், ஏணியில் ஈரம், ஸ்பானரில் ஈரம். பனி. விரலைத் தொடையில் துடைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான். அவ்வளவுதான் நடந்தது. ஒரு கால் நிமிஷம் இருக்கும். அந்தக் கால் நிமிஷத்துக்குள் நாலு நாளாகப் போய்ப் போய் வருகிறான். போகும்போதெல்லாம் விரல் ஈரமாக இருக்கிறது, எதனால் ஈரம் என்று மட்டும் தெரிவதில்லை. தொடையில் துடைத்த அந்த முழு அங்கியைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்தான். அதில் பதினோரு வருஷத்துக் கறை இருந்தது.

காலையில் கிளம்பும்போது மனைவி கோமளா வாசலில் நின்றாள். அவளிடம் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு, “பனியாத்தான் இருக்கும்” என்றாள். “இருக்கலாம்” என்றான். “அப்ப இன்னாத்துக்கு இப்பிடி ஒக்காந்துகினு கீறீங்க?” இன்று காலையில் அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, “ஏங்க, அவுங்க ஈரமா இருந்துச்சான்னு கேப்பாங்களா?” என்றாள். “அப்பிடி யாரும் கேக்கமாட்டாங்க. ஏதாவது வித்தியாசமா இருந்துச்சான்னு கேப்பாங்க.” “பனிக்காலத்துல ஈரமா இருக்கறது வித்தியாசமா?” “இல்ல.” “அப்ப இல்லன்னு சொல்லுங்க. பொய்யில்லியே அது.” அவள் சொன்னது சரி. எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அதில் ஓட்டை இல்லை. அரக்கோணத்தில் பத்தாவதுகூட முடிக்காதவள், இந்த நாலு நாளில் அவன் எட்டாத இடத்துக்கு ஒரே எட்டில் போய்விட்டாள். பொய்யில்லை. பொய்யில்லை என்று சைக்கிள் மிதிக்கும்போது சக்கரத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். காவல் வாசல் தாண்டியதும் அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பெஞ்சின் மறுகோடியில் நசீப் சிங் உட்கார்ந்திருந்தான். தீயணைப்பு வண்டியின் டிரைவர், அடுத்த சாட்சி. இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை கட்டு. பரூவாவை வெளியே இழுத்தவன் அவன்தான். சட்டைப்பையில் வீங்கிக்கொண்டிருந்த ஒரு ஆரஞ்சைத் தாடையால் சுட்டிக்காட்டி, “இதை உரிச்சுக் கொடுப்பா. காலையிலேருந்து என்னைப் பார்த்துச் சிரிக்குது” என்று இந்தியில் சொன்னான். தணிகாசலம் எடுத்து உரித்தான். தோலை நகம் கீறியதும் சிறு துளிகள் தெறித்துக் கைமுட்டியில் விழுந்தன. விரலில் ஈரம். முகர்ந்து பார்த்தான், ஆரஞ்சு. மூக்கு இப்போது நன்றாகத்தான் வேலை செய்கிறது. சுளையை ஒவ்வொன்றாக நசீப் சிங்கின் வாயில் போட்டான், அவன் கொட்டையைத் தரையில் துப்பிவிட்டு, “என்னை என்ன கேக்கப்போறாங்க? எரிஞ்சுது, இழுத்தேன்” என்றான். எரிந்தது அதிகமில்லை. அந்த ஜெட்டின் மூக்கும் ஓட்டி உட்காருகிற இடமும் ஒட்டுப்பலகையால் செய்தவை. வெளியில் யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள், மணிக்கு ஐந்நூறு மைல் போகிற விமானத்தில் மரமா என்பார்கள். பரூவா ஏறுவதற்கு முன்னால் அந்தப் பலகையில் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. திங்கட்கிழமை தட்டினாரா என்று ஞாபகமில்லை. தட்டியிருப்பார். அந்தப் பலகை பள்ளத்தின் விளிம்பில் பட்டுப் பிளந்தபோது வந்த சத்தம் பெரிசாக இல்லை. தூரத்தில் யாரோ விறகு பிளந்த மாதிரி இருந்தது. பிறகு வந்த வாசனையும் அடுப்பு வாசனைதான். மூக்கு அடைத்திருந்ததே, வாசனை எப்படித் தெரிந்தது? அப்படியென்றால் அவ்வளவாக அடைத்திருக்கவில்லையா? விபத்து நடந்த எட்டு மணிக்குள் வெயில் வந்து மூக்கு திறந்திருக்கலாம். இல்லை, வாசனையைப் பற்றிப் பிறகு யாராவது சொல்லிக் கேட்டதா? இப்படி ஒரு முடிச்சை அவிழ்க்கப் போனால் பக்கத்தில் இன்னொன்று இறுகுகிறது.

அன்றைக்கு அவன் பார்த்ததை வரிசையாக அடுக்கிப் பார்த்தான். உள்ளே கேட்பார்கள். முதல் விமானம் இறங்கி உருண்டு வந்து தன் இடத்தில் நின்றது. இரண்டாவது இறங்கி, தொலைவில் திரும்பியது. மூன்றாவது, பரூவாவுடையது, வயல்களுக்குமேல் தாழ்ந்து வந்தது. மூன்று கால்களும் வெளியே நீண்டிருந்தன, அதை நன்றாகப் பார்த்தான். பிறகு அது ஓடுபாதையில் ஓடியது. பிறகு இடது கால் மடங்கியது. ஒட்டகம் உட்காரும்போது முன்னங்காலை மடக்குமே, அப்படி, அவசரமே இல்லாமல். இறக்கை நுனி தரையைத் தொட்டது, பொறி பறந்தது, விமானம் இடது பக்கமாகச் சுற்றியது. அப்போது அவன் செய்த முதல் காரியம் வால் மேல் எழுதியிருந்த எண்ணைப் படித்ததுதான். உள்ளே யார் இருக்கிறார், என்ன ஆவார் என்பதெல்லாம் அதற்கப்புறம். எண்ணைப் படித்தான், நம்முடையதுதான் என்று தெரிந்துகொண்டான், பிறகுதான் ஓடினான். இதை யாரும் கேட்கப்போவதில்லை. இதைக் கோமளாவிடமும் சொல்லவில்லை. எண்ணைப் படித்தது தப்பா என்றால் அதுவும் சொல்லத் தெரியவில்லை, கண் தானாகப் போயிற்று, சொந்தப் பெயரை எங்கே எழுதியிருந்தாலும் கண் போகுமே, அப்படி. ஆனால் கண் போன அந்த நொடியில் வயிற்றுக்குள் என்னவோ ஒன்று, அது வேறு எண்ணாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டது. வேறு எண் என்றால் வேறு ஆள். உள்ளே பரூவாவுக்குப் பதிலாக மற்ற ஓட்டிகளில் முகர்ஜியோ ரெட்டியோ இருந்திருப்பார்கள். அது அவனுக்குச் சம்மதமாக இருந்தது.

உள்ளேயிருந்து முதல் சாட்சி வெளியே வந்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அன்று பணியில் இருந்த ஆபீஸர். யாரையும் பார்க்காமல் தாழ்வாரத்தில் நடந்துபோனார். நசீப் சிங்கைக் கூப்பிட்டார்கள். அவன் கட்டுப்போட்ட கையால் தாடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து போனான். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு பிளைட் சார்ஜெண்ட் குரியன் வந்து உட்கார்ந்தார். தணிகாசலத்துக்கு மேலே இருப்பவர், திருவல்லாக்காரர், தாம்பரத்தில் ஏழு வருஷம் இருந்து தமிழ் பேசப் பழகியவர். சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டினார். “கோபுரத்து ஆபீஸர் திங்கட்கிழமையே என்ன எழுதிக் கொடுத்தார்னு தெரியுமா? விமானம் பொத்துன்னு விழுந்துதுன்னு சொல்லியிருக்கார். பையன் உயரத்தைத் தப்பாக் கணக்குப் பண்ணி மேலேருந்து போட்டுட்டான், கால் தாங்கலை. அப்படித்தான் எழுதப்போறாங்க.” தணிகாசலம் பெஞ்சில் கிடந்த ஆரஞ்சுத் தோலை ஓரமாக ஒதுக்கினான். “நமக்கு அதில ஒண்ணும் இல்லை. கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேட்காததுக்குச் சொல்லாதே. கேட்டியோ?” “சரி, சார்.” “உன் கையெழுத்து நல்லா இருக்கு. பார்த்தேன்.” அவர் எழுந்துபோய் வெளியே வேப்பமரத்தடியில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தார். அவருக்கு ஏதாவது தெரியுமா? எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் எழுந்து போனாரா? ஆக, பரூவா மேலே எழுதப்போகிறார்கள். எழுதினால் என்ன? அவர் இனிமேல் எப்படியும் பறக்கப்போவதில்லை, டாக்டர் சொல்லியாகிவிட்டது. நடந்தாலே பெரிசு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதே கட்டில், அதே மாவுக்கட்டு. இந்த நியாயமும் கோமளா சொன்னதைப்போல ஓட்டையில்லாமல் இருந்தது. ஓட்டையில்லாத நியாயங்களாகவே வந்துகொண்டிருந்தன.

அப்பா ரயில்வேயில் சக்கரம் தட்டுகிறவர். வண்டி வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு பெட்டி பெட்டியாக நடந்து ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணி மாதிரி சொல்லும், விரிசல் விட்டது மண்சட்டி மாதிரி சொல்லும். ஒருமுறை விடுப்பு முடிந்து தணிகாசலம் அரக்கோணத்தில் வண்டி ஏறினான், சீருடையில், ஜன்னலோரம் இடம். அப்பாதான் அன்று பணியில். சுத்தியல் சத்தம் பின்பெட்டிகளிலிருந்து ஒழுங்காக நெருங்கி வந்தது. ணங், ணங். அவன் உட்கார்ந்திருந்த பெட்டியின் பின்சக்கரங்களைத் தட்டியாகிவிட்டது. அப்போது யாரோ அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேச்சுச் சத்தம், சிரிப்பு. அப்பா ஜன்னல் பக்கம் வந்து, “போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடு” என்றார். சரி என்றான். மறுபடி சுத்தியல் கேட்டபோது அது அடுத்த பெட்டியில் இருந்தது. நடுவில் இரண்டு சக்கரம் விட்டுப்போயிருந்தது. இல்லை, பேச்சுச் சத்தத்தில் தனக்குத்தான் கேட்கவில்லையோ? வண்டி நகர்ந்தது, அப்பா கையை உயர்த்தினார். பெஜவாடாவரைக்கும் அவன் தூங்கவில்லை. கீழே உருளுகிற சத்தத்தில் மண்சட்டியைத் தேடிக்கொண்டே போனான். ஒன்றும் நடக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் கார்டு போட்டான், சௌக்கியம் என்று எழுதினான், சக்கரத்தைப் பற்றி எழுதவில்லை. அப்பா ஓய்வு பெற்று, நோயில் படுத்து, செத்தும் போனார், கடைசிவரைக்கும் அவன் கேட்கவில்லை. விட்டுப்போனது தெரிந்து அவரும் ராத்திரியெல்லாம் விழித்திருந்தாரா? இல்லை, தெரியவே தெரியாதா? வண்டி கவிழவில்லை, அதனால் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று ஆகிவிட்டது. கவிழ்ந்திருந்தால் அந்த இரண்டு சக்கரமும் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். தன் விஷயம் இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பதாக அவனுக்குத் தோன்றியது. விழுந்தாகிவிட்டது, ஆனால் விழுந்ததற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். அந்த நட்டு பள்ளத்தில் மோதி நசுங்கிப்போய்விட்டது. இனி அதைத் தொட்டுப் பார்த்தும் யாரும் எதுவும் சொல்லமுடியாது. அந்த ஈரம் இனி அவன் விரலில் மட்டும்தான் இருக்கிறது.

நசீப் சிங் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான். “போ, போ. நல்ல மனுஷங்கதான்” என்றான்.

மூன்று ஆபீஸர்கள் மேஜைக்குப் பின்னால். நடுவில் இருந்தவர் ஸ்குவாட்ரன் லீடர், விசாரணைத் தலைவர், மூக்குக் கண்ணாடி, வேறு தளத்திலிருந்து இதற்காகவே வந்தவர். ஓரத்தில் டைப்ரைட்டரோடு ஒரு எழுத்தர். பெயர், எண், எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டார்கள். ஜெட்டில் எத்தனை வருஷம். அன்று பரிசோதனை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று. புத்தகத்தைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு பதிலும் தன் வாயிலிருந்து வெளியே போய், எழுத்தரின் கைகளுக்குள் இறங்கி, தாளில் ஏறுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருடைய வேலை நடப்பதை ஓரமாக நின்று பார்ப்பது மாதிரி இருந்தது, பயம்கூட வரவில்லை. “இடது சக்கரக் காலில் வழக்கத்துக்கு மாறாக எதையாவது கவனித்தீர்களா?” கோமளாவிடம் அவன் சொல்லியிருந்த அதே கேள்வி, இங்கிலீஷில். “நோ, சார்.” டைப் அடித்தது. நின்றது. தலைவர் இடது பக்கத்து ஆபீஸரைப் பார்த்தார், அவர் தலையாட்டினார், வலது பக்கத்தவரும் தலையாட்டினார். “அவ்வளவுதான், கார்ப்பரல். போகலாம்.”

அவன் எழுந்தான். சல்யூட் அடித்தான். திரும்பவேண்டும். கால்கள் திரும்பத் தயாராக இருந்தன, கதவு ஐந்து எட்டில் இருந்தது, கதவுக்கு வெளியே பெஞ்சும் வெயிலும் ஆரஞ்சுத் தோலும் இருந்தன. எதற்காக நின்றான் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறான். பரூவாவுக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பரூவா ஞாபகமே இல்லை. மனச்சாட்சி, அது இது என்ற பெரிய வார்த்தையும் வரவில்லை. அந்தக் கால் நிமிஷத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு வெளியே போனால் இன்னொரு காலை ஐந்தரைக்கு மறுபடி இன்னொரு விமானத்துக்கு அடியில் படுத்து விரலை நீட்டவேண்டும், நீட்டினால் ஈரமாக இருக்கும், பனி, என்ன செய்வது என்ற அலுப்புதான் முன்னால் நின்றது. “சார், இன்னும் ஒண்ணு சொல்லணும்” என்றான்.

தலைவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். “சொல்லுங்கள்.”

“இடது கால் எண்ணெய்க் குழாய் நட்டைத் தொட்டப்போ விரல் ஈரமா இருந்தது, சார்.”

“எண்ணெயா, தண்ணீரா?”

“தெரியாது, சார். பனின்னு நெனச்சுத் துடைச்சுட்டேன். முகர்ந்து பாக்கலை. மறுபடி தொட்டும் பாக்கலை.”

டைப்ரைட்டர் அடிக்கவில்லை. எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபம் மாதிரி தெரியவில்லை. கூட்டல் முடித்த கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைக் கண்டவர் மாதிரி களைப்பாக இருந்தார். “கார்ப்பரல், என்னவென்று உங்களுக்கே தெரியாது. அன்று காலை இந்தத் தளத்தில் எல்லாமே ஈரமாகத்தான் இருந்திருக்கும். தெரியாத ஒன்றை இப்போது எதற்குச் சொல்கிறீர்கள்?”

“தெரியும்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், சார்.”

பிறகு தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சொன்னதை நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொல்லும்படி கேட்டார். சொன்னான். தாளில் அது ஒன்றரை வரிதான் வந்தது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டான்.

முடிவு மார்ச் மாசம் வந்தது. விபத்துக்குக் காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஓட்டியின் மேல் குற்றம் என்று எங்கேயும் வரவில்லை. கோபுரத்து ஆபீஸர் சொன்னது ஒரு பக்கம், தணிகாசலம் சொன்னது ஒரு பக்கம், இரண்டில் எதையும் தூக்கிவிட்டு இன்னொன்றை மட்டும் எழுத முடியாமல் போயிற்று. பரிசோதனையில் கவனக்குறைவு என்று அவனுடைய கார்ப்பரல் பட்டையைப் பறித்தார்கள். மூன்று வருஷம் கழித்து அது திரும்பி வந்தது. குரியன் அவனிடம் அதைப்பற்றிப் பேசியதே இல்லை, ஆனால் அடுத்த பனிக்காலத்திலிருந்து ஒவ்வொருவனுக்கும் புது டார்ச் பேட்டரி கேட்டு எழுதி வாங்கினார். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. நசீப் சிங் இன்னும் பெஞ்சிலேயே இருந்தான்.

“ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போகணும். கூட வாயேன், கதவு திறக்க முடியலை” என்றான்.

ஆஸ்பத்திரி சாலைக்கு அந்தப் பக்கம். வெயில் ஏறியிருந்தது. ஓடுபாதைப் பக்கம் சத்தமே இல்லை, நாலு நாளாகப் பறப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். தணிகாசலம் இரண்டு கதவுகளைத் திறந்து பிடித்தான். கட்டு மாற்றுகிற இடத்தில் நசீப் சிங் ஒரு முனகல்கூட இல்லாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும், “பரூவா சாப் இங்கேதான் இருக்கார். நான் தினமும் ஒரு தரம் தலையைக் காட்டிட்டுப் போவேன்” என்று நடக்க ஆரம்பித்துவிட்டான். போகாமல் இருக்க தணிகாசலத்துக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மூன்றாவது கதவையும் திறந்து பிடித்தான்.

பரூவாவைக் கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டில் போட்டு, மெத்தைக்கு அடியில் பலகை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். தலையைத் திருப்பமுடியாது. கூரையைப் பார்த்தபடியே, “நசீப். கூட யாரு?” என்றார்.

“தணிகாசலம், சார்.”

“தணியா. உள்ளே கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க, சார். முடிஞ்சுது.”

“என்ன சொன்னே?”

சொன்னான். இந்தத் தடவை சொல்லும்போது அது இன்னும் சுருங்கிவிட்டது. விரல் ஈரமாக இருந்தது, துடைத்துவிட்டேன். பரூவாவின் முகத்தில் அசையக்கூடியது கண் மட்டும்தான். அதுவும் கூரையிலேயே இருந்தது.

“எண்ணெயா?”

“தெரியலை, சார்.”

“பனியா?”

“அதுவும் தெரியலை, சார்.”

ஒரு நர்ஸ் தட்டோடு கடந்துபோனாள். அவள் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. “நான் திங்கட்கிழமையிலேருந்து இறக்கிக்கிட்டே இருக்கேன்” என்றார் பிறகு. குரல் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. “இந்தக் கூரைதான் ஓடுபாதை. ஒரு தரம் பூ மாதிரி உட்காருது. அடுத்த தரம் தொப்புன்னு விழுது. எது நெஜமா நடந்ததுன்னு இப்ப எனக்கே தெரியலை. நூறு தரம் இறக்கியாச்சு.”

“பஞ்சு மாதிரி இறக்கினீங்க, சாப்” என்றான் நசீப் சிங். “நான் வண்டியிலேருந்து பார்த்தேன்.”

“நீ தினமும் இதையே சொல்றே, நசீப்.” கண்கள் முடிந்தவரை ஓரத்துக்கு வந்தன. “தணி, நீ அங்கேதானே நின்னே. எப்படி இறக்கினேன்?”

மெதுவாகத்தான் இறக்கினீர்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் அந்த மனிதர் இன்றைக்காவது தூங்குவார். சொல்வதற்காக அவன் அந்த நொடியைத் தேடிப் போனான், சக்கரம் தரையைத் தொட்ட நொடியை. வயல்மேல் தாழ்ந்து வருவது இருந்தது. ஓடுவது இருந்தது, மடங்குவது இருந்தது. நடுவில் சக்கரம் தொட்டுக் கிளம்புகிற சின்னப் புகை ஒன்றும் இருந்தது. உற்றுப் பார்த்தால் அது இரண்டாவது விமானத்தின் புகை. அந்த இடத்தில் அவனுக்குத் தெரிந்தது சிமெண்டுத் தரைதான், மிக அருகில், தன் பூட்ஸ், தன் கை, கையில் மரக்கட்டை.

“நான் பாக்கலை, சார்” என்றான். “முதல் விமானத்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிஞ்சிருந்தேன். நிமிர்ந்து பாக்கறப்போ நீங்க இறங்கி ஓடிக்கிட்டிருந்தீங்க.”

நசீப் சிங் அவனை முறைத்தான். பரூவா கண்ணை மூடினார், தூங்கிவிட்டார் என்றுகூட நினைத்தார்கள். “எல்லாரும் பாத்தேன், பாத்தேன்னு சொல்றாங்க” என்றார் பிறகு, கண்ணைத் திறக்காமல். “உக்காரு, தணி.”

கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. தணிகாசலம் அதைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.